வீடு காப்பாரில், கதை மதுரைப் பக்கத்தில்

படப்பிடிப்புக்கு வீடு கொடுப்பது உட்கார்ந்த இடத்தில் செய்கிற தொழில் என்று நினைப்பவர்கள், ஒரே ஒரு நாள் தங்கள் வீட்டுக் குளியலறைக்குத் தாங்களே வரிசையில் நின்று பார்க்கட்டும். கல்யாணத்துக்கு அண்டாவை இரவல் கொடுத்து நசுங்கலாகத் திரும்ப வாங்கியவர்கள், காரைக் கொடுத்துக் கீறலோடு வாங்கியவர்கள் எல்லாருமே நம்ம கட்சிதான். நான் கொடுத்தது கொஞ்சம் பெரிய சாமான், அவ்வளவுதான் வித்தியாசம்.

காப்பாரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில் இருக்கிறது வீடு. கம்பம் என்றால் மலாயில் கிராமம். கீழே பாதி கல்சுவர், மேலே பாதி பலகை, தகரக் கூரை, முன்னால் நீளமான வராந்தா. அப்பா லோரி ஓட்டிக் கட்டியது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், கேட்டவர்கள் யாரும் இப்போது வருவதில்லை. கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே என் வேலை. வேலை போய்விட்டது, புத்தி போகவில்லை. எதைப் பார்த்தாலும் ஓட்டைதான் முதலில் கண்ணில் படும்.

அப்பாவுக்குப் பிறகு அம்மாவும் போனதும் வீட்டில் நான் ஒருத்திதான். என் தங்கச்சி கமலா, புருஷனோடும் மகளோடும் ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிறாள். அம்மாவின் கருமக்கிரியை முடிந்த கையோடு, "வீட்ட பூட்டிட்டு எங்கூட வந்துரு" என்றாள். வரமாட்டேன் என்றேன். மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னேன். கடைசித் தடவை எங்கள் இரண்டு பேர் குரலும் கம்பம் முழுக்கக் கேட்டது. அதோடு அவள் வருவதை நிறுத்திவிட்டாள், போனும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே பிடிவாதம். மூன்று வருஷமாக எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். அவள் ஒரு தடவை இந்தப் படியேறி வரவேண்டும். அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கிராமம் பத்தவில்லை

முதலில் வந்தது சேகர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தொலைக்காட்சி நாடகக் கம்பெனியில் வேலை. நாடகத்துக்கு ஏற்ற வீடு, கடை, மரத்தடி எல்லாம் தேடிப் பிடிப்பது அவன் பொறுப்பு. வேலிக்கு வெளியே நின்று போனில் வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நிலம் வாங்க வந்த புரோக்கர் என்று நினைத்து, "வீடு விக்கறதுக்கு இல்ல" என்று கத்தினேன். "விக்க வேணாம் ஆன்டி, ஒரு வாரம் நடிக்கட்டும்" என்றான். அந்தப் பதிலுக்காகவே உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், பதில் என்னவாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். வீட்டில் இன்னொரு மனிதக் குரல் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

கதை மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் நடக்கிறதாம். குளிர்பெட்டியும் டிவியும் என்னோடு சேர்ந்து பின்னறைக்குப் போயின. முற்றத்தில் வைக்கோல் போட்டார்கள். சிமெண்டுத் தரைக்குச் சாணி நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். எங்கிருந்தோ ஒரு ஆட்டை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள், அது முதல் வேலையாக என் கறிவேப்பிலைச் செடியை முடித்தது. இயக்குநர் பிரகாஷ் தொப்பி போட்ட இளைஞர், மரியாதையான பிள்ளை. கேமராவில் பார்த்தவர் முகம் சுளித்தார். கூரைக்குப் பின்னால் மின்நிலையத்தின் புகைக்கூண்டுகள் நெட்டுக்கு நின்றன. மதுரைப் பக்கத்தில் ஏது புகைக்கூண்டு? மறைக்க ஒரு வாழை மரத்தை வெட்டி வந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நாள் முழுக்க வெயிலில் நின்றார்கள். சாயங்காலம் பிரகாஷ் என்னிடம் வந்து வருத்தத்தோடு சொன்னார்: "உங்க வீடு அருமையான வீடு ஆன்டி, ஆனா கிராமம் கொஞ்சம் பத்தல லா."

காலண்டர்

இந்தத் தொழிலில் கன்டினியூட்டி என்று ஒரு சாமி இருக்கிறது. இன்றைக்கு எடுக்கும் காட்சியின் மிச்சத்தை அடுத்த வாரம் எடுப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதாகத் தெரியவேண்டும். அதனால் அன்று எந்தச் சாமான் எங்கே இருந்ததோ, அது அங்கேயே இருக்க வேண்டும். அந்தச் சாமிக்குப் பூசாரி ஷாலினி என்ற பெண். கையில் டேப்லெட்டோடு வீடு முழுக்கப் படம் எடுத்து வைத்திருப்பாள். மேசை மேல் இருக்கும் டம்ளர், பாதி திறந்த ஜன்னல், கொடியில் காயும் துண்டு, எதையும் தொடக்கூடாது. அந்தத் துண்டை வெயில் சாப்பிட்டு நிறம் போனது, நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

படப்பிடிப்புக் குழு வராத நாட்களில்தான் கொடுமை. ஆள் யாரும் இல்லாத வரவேற்பறையில், யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி நாற்காலி விலகிக் கிடக்கும். அதை நேராகப் போடக்கூட எனக்கு உரிமையில்லை. நான் சுவரோரமாக நடந்து பின்னறைக்குப் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒருநாள் காலை, பழக்கதோஷத்தில் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரின் தாளைக் கிழித்துவிட்டேன். மறுநாள் வந்த ஷாலினி அலறிய அலறலில் ஆடு கத்தியது. குப்பைக்கூடையில் தேடி, கசங்கிய தாளை எடுத்து, தேய்ப்புப் பெட்டியால் தேய்த்து, பசை தடவி ஒட்டினாள். "இன்னக்கி தேதி வேற ஆச்சேம்மா" என்று சமாதானம் சொல்லப் பார்த்தேன். அழமாட்டாத குறையாகச் சொன்னாள்: "ஆன்டி, நமக்கு இன்னும் நேத்தே முடியல."

ரசம்

இரண்டாவது நாடகத்தில் ஒரு பெரிய குடும்பம். அம்மா, அப்பா, மகன்கள், மருமகள்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் காட்சி. கடையில் வாங்கி வந்த சாப்பாடு, விளக்கு வெளிச்சத்தில் காய்ந்து பார்க்கச் சகிக்கவில்லை. "ஆன்டி, நீங்க சமைச்சுக் குடுப்பீங்களா?" என்று பிரகாஷ் தயங்கித் தயங்கிக் கேட்டார். தயக்கம் எதற்கு? எனக்குக் கை பரபரத்தது. ஒருத்திக்காக ஒரு கைப்பிடி அரிசி போட்டுப் போட்டு, பெரிய சட்டி எங்கே இருக்கிறது என்பதே மறந்திருந்தது. விடிந்ததும் எழுந்து கோழிக் குழம்பு, முருங்கைக்காய்ச் சாம்பார், ரசம், அப்பளம் எல்லாம் செய்தேன். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தேன். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். பாவம், மூத்த மகனாக நடித்தவர் அத்தனை தடவையும் சாப்பிட்டார்.

கடைசித் தடவை அவர், "அம்மா, இன்னும் கொஞ்சம் ரசம்" என்றார். அது வசனம். பக்கத்தில் அம்மாவாக நடித்தவர் எழுந்து ஊற்ற வேண்டும். எனக்கு அது வசனமாகக் கேட்கவில்லை. ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்து கேமராவுக்குள் போய்விட்டேன். நைட்டி, தோளில் துண்டு, கையில் கரண்டி. அந்த அம்மா என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. பிரகாஷ் எழுந்து வந்து, என் கையிலிருந்து சட்டியை வாங்கிக்கொண்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "ஆன்டி, அந்த அம்மா நீங்க இல்ல."

ரொட்டிக்காரர்

மூன்றாவது, பேய் நாடகம். வராந்தாவில் வெள்ளைப் புடவைக்காரி உலாவினாள், மாமரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கினாள். அந்த நடிகை காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் என் கட்டிலில் படுத்துக் குறட்டை விடுவாள், நல்ல பெண். பார்ப்பவர்கள் நடுங்குகிற விதமாக வீட்டை எடுத்திருந்தார்கள். ஒளிபரப்பானபோது நானே பின்கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் பார்த்தேன்.

சோதனை அதற்குப் பிறகுதான். எங்கள் கம்பத்துக்கு மோட்டார் சைக்கிளில் ரொட்டி கொண்டுவரும் பாய், தினமும் என் வாசலில் ஹாரன் அடித்து நிற்பார். வாங்குகிறேனோ இல்லையோ, "என்னக்கா சௌக்கியமா?" என்று கேட்காமல் போகமாட்டார். பல நாட்களில் எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் மனிதப் பேச்சு. நாடகம் வந்த மறுவாரத்திலிருந்து, என் வேலியைக் கண்டதும் வண்டியின் வேகம் கூடியது. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் மூலைத் திருப்பத்திலேயே போய் வழிமறித்து, "என்னா பாய், என்னயப் பாத்தா பேய் மாதிரியா இருக்கு?" என்று கேட்டேன். மனிதர் ஒரு ரொட்டியைக் கையில் திணித்துவிட்டு, வண்டியை அணைக்காமலே சொன்னார்: "அக்கா, ஒங்கள நம்புறேன், ஒங்க வீட்டத்தான் நம்ப முடியல."

கோப்பை

கமலாவின் மகள் யாழினி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாமல் எனக்கு அவ்வப்போது செய்தி அனுப்புவாள். அவள் ஒருநாள் எழுதினாள்: "பெரிம்மா, நம்ம வீட்ல எடுக்கற நாடகம் எல்லாத்தயும் அம்மா விடாம பாக்கறாங்க. கேட்டா கதைக்காகப் பாக்கறேன்னு சொல்றாங்க." படித்துவிட்டு வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அந்தக் கதைகளை எழுதியவர்களே திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கமலா எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து நானும் ஒரு வேலை செய்தேன். கமலா பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை ஒன்று அலமாரிக்குள் கிடந்தது. அதை எடுத்து, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி ஷோகேஸ் மேல் வைத்தேன். அதில் பள்ளியின் பெயர் மலாயில் பொறித்திருந்தது. எந்த நாடகமானாலும் கதை மதுரைப் பக்கம்தானே, அங்கே மலாய்ப் பள்ளிக் கோப்பையா என்று ஷாலினி அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கம் திருப்புவேன். இப்படி எங்களுக்குள் ஒரு வாரம் சத்தமில்லாத சண்டை நடந்தது. கடைசியில் எப்படியோ ஒரு காட்சியில், கதாநாயகி தேம்பி அழும்போது, அவள் தோளுக்குப் பின்னால் கோப்பை பளிச்சென்று வந்துவிட்டது. அன்றைக்கு யாழினி அனுப்பிய செய்தி: "பெரிம்மா, அம்மா அந்த எடத்துல நிறுத்தி நிறுத்திப் பாத்தாங்க. அப்பறம், 'தூசி தொடைச்சிருக்காளா பாரு'ன்னு மட்டும் சொன்னாங்க."

விலாசம்

இது சின்னது. வீட்டு எண் பலகையைக் கழற்றிவிட்டு, "ஊராட்சி மன்றத் தலைவர் இல்லம்" என்று ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். எனக்குக் கிள்ளானிலிருந்து மருந்துப் பொட்டலம் வரவேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்த பையன் மூன்று தடவை வீட்டைத் தாண்டிப் போய் வந்தான். கடைசியில் கேட்டுக்கு வெளியே நின்று என் பெயரைக் கத்தினான். நான் ஓடிப் போய், "நாந்தான், நாந்தான்" என்றேன். வைக்கோல், ஆடு, தலைப்பாகை கட்டிய நாலு பேர், நடுவில் நான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஆன்டி, நீங்க இந்த வீட்ல இருக்கீங்களா, இல்ல நடிக்கிறீங்களா?" மருந்தை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

சிரிப்பு

கடைசியாக வந்த நாடகத்தில் கதை ஆரம்பிக்கும் முன்பே அம்மா இறந்துவிடுகிறாள். சுவரில் மாலை போட்ட படம்தான் அந்த அம்மா. பிள்ளைகள் சண்டை போட்டாலும் சபதம் போட்டாலும் அந்தப் படத்துக்கு முன்னால் வந்துதான் போடுவார்கள். படமாக வரவேண்டிய நடிகையின் புகைப்படத்தை சேகர் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டான். விளக்கெல்லாம் ஏற்றியாகிவிட்டது, நடிகர்கள் அழத் தயாராக நிற்கிறார்கள். யாழினியின் பிறந்தநாளில் எடுத்த என் படம் ஒன்று சட்டம் போட்டுப் பின்னறையில் இருந்தது. "இத மாட்டிக்கங்க, சும்மாதான கெடக்கு" என்று கொண்டுவந்து கொடுத்தேன். ஷாலினி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் ஆன்டி, உசுரோட இருக்கறவங்க படத்துக்கு மாலை போடக்கூடாது" என்றாள். எனக்கென்னவோ பயம் வரவில்லை. நாளைக்கு என் படத்துக்கு மாலை வாங்கிப் போட ஆள் இருக்குமா என்பதே எனக்கு நிச்சயமில்லை. ஓசியில் வருகிறது, அதை எதற்கு விடுவது என்றுதான் நினைத்தேன்.

மேக்கப் போடும் ராஜன் அண்ணன் இதற்கெல்லாம் ஒரு வழி வைத்திருந்தார். இந்தத் தொழிலில், பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும். அதையும் பதிவு செய்வார்கள். எந்த நாடகத்திலும் அது வராது, தோஷம் மட்டும் போய்விடும். படத்துக்கு மாலை போட்டாலும் அதே கணக்குத்தானாம். பிளாஸ்டிக் மாலை போட்டு, பொட்டு வைத்து, விளக்கேற்றி என்னை மாட்டினார்கள். காட்சி எடுத்தார்கள். முடிந்ததும் படத்துக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். இருட்டில் நிற்கிற எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், கேமரா ஓடுகிறது, நான் மட்டும் தனியாகச் சிரிக்க வேண்டும். சிரிப்பதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. உதட்டை இழுத்துப் பார்த்தேன், பல்லைக் காட்டிப் பார்த்தேன். பிரகாஷ் பொறுமையாக நாலு தடவை எடுத்துவிட்டு, கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "பாஸ்போர்ட்டுக்கு எடுக்கற மாதிரி இருக்கு ஆன்டி, கொஞ்சம் வாய் விட்டு சிரிங்க, நீங்க இன்னும் சாகல."

செருப்பு

நாடகத்தின் பின்பாதியை எடுத்துக்கொண்டிருக்கும்போதே முன்பாதி ஒளிபரப்பாகத் தொடங்கிவிட்டது. கோப்பையை வேண்டுமென்றேதான் வைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், என் படத்தை மாட்டியபோது கமலா பார்ப்பாள் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தோஷம் கழித்தாயிற்று, அதோடு மறந்துவிட்டேன்.

முதல் பகுதி ஒளிபரப்பான மறுநாள் காலை. நான் பின்னறையில் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முன்னால் மூத்த மகன், "அம்மா, நீ போன பிறகு இந்த வீட்ல எங்களுக்குன்னு யாரு இருக்கா?" என்று படத்தைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார். வாசலில் கார் சத்தம். "அக்கா, அக்கா, உள்ள போகாதீங்க, கேமரா ரோலிங் போவுது!" என்று சேகர் கத்துகிறான். அடுத்து ஏதோ விழுகிற சத்தம். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். சோபா மேல் ஏறி நிற்கிறாள் கமலா. வீட்டில் போடுகிற பழைய பட்டிக் சட்டை, வாராத தலை, காலில் செருப்பு. அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குள் ஒரு ஆளும் செருப்போடு வந்ததில்லை, அவள் அதைப் போட்டுக்கொண்டே சோபாவில் நிற்கிறாள். கையில் என் படம். மாலையைப் பிய்த்துப் பிய்த்துப் போடுகிறாள். பிளாஸ்டிக் அவ்வளவு சுலபத்தில் அறுமா? பல்லால் கடித்தாள். மூத்த மகன் கூப்பிய கையைக்கூட இறக்காமல் அப்படியே நிற்கிறார்.

ஷாலினிக்குக் கண் கலங்கிவிட்டது. "கன்டினியூட்டி ஆன்டி! அந்தப் படம் இன்னும் நெறைய எபிசோட்ல வரணும்!" என்றாள்.

"எத்தன எபிசோட்டு வேணா எடுங்க. எங்கக்கா செத்த எபிசோட்டு மட்டும் வேணாம்."

பிரகாஷ் ஓடிவந்து, ஆன்டி சம்மதித்துத்தான் மாட்டினோம், தோஷம்கூடக் கழித்துவிட்டோம் என்று விளக்கினார். நம்ப வைப்பதற்காக, நான் சிரித்ததை மானிட்டரில் போட்டுக் காட்டினார். கமலா சோபாவை விட்டு இறங்கி வந்து பார்த்தாள். மாலை போட்ட என் படத்துக்குக் கீழே நான் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறேன். ஒரு தடவை, இரண்டு தடவை, நாலு தடவை. அவள் முகம் என்னவோ ஆகிவிட்டது. "இதுவா சிரிப்பு? எங்கக்கா சிரிச்சா மூக்கு சுருங்கும், ஒங்க யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டாள். தெரிந்திருக்க அங்கே யார் இருக்கிறார்கள்? எனக்கே தெரியாது.

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள். மூன்று வருஷம் கழித்து என்ன பேசுவது? "சாப்புட்டியா?" என்று கேட்டேன். அவள் விறுவிறுவென்று பின்னறைக்குப் போனாள். அங்கே கட்டில், அதை ஒட்டிக் குளிர்பெட்டி, அதன் மேல் டிவி, தரையில் சோற்றுப் பானை, சாம்பார்ச் சட்டி, நறுக்கிய பயிற்றங்காய். ஒரு ஆள் திரும்ப இடம் இல்லை.

"இங்கயா இருக்க?"

"ஷூட்டிங் நாள்ல மட்டும்தான்."

"இதுக்கா எங்கூட வரமாட்டேன்ன? முன்னால அவ்வளவு பெரிய வீடு கெடக்கு, நீ இங்க குந்தி சாப்புடுறியா?"

"அங்க யாரு இருக்கா கமலா? இவங்க வந்தாலாவது சத்தம் கேக்கும்."

நான் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் காலைப் பார்த்து, "ஐயோ, செருப்பு" என்று கழற்றினாள். கழற்றி, வெளியே கொண்டுபோய் வைக்காமல், மடியிலேயே வைத்துக்கொண்டாள். நான் அழுதேன். மறைக்கவில்லை, மறைப்பதற்கு அந்த அறையில் இடமும் இல்லை. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டில் சோற்றைப் போட்டுச் சாம்பாரில் உப்பு பத்தவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டு வரச்சொல்லும் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கதவுக்கு வெளியே ஒரு படப்பிடிப்புக் குழுவே நின்றது. சேகர் மட்டும் எட்டிப் பார்த்து, ஆபீசுக்கு ஆள் அனுப்பி நடிகையின் படத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டதாகத் தெரிவித்தான். அந்த நாடகத்தில் பாதிக் கதைக்கு மேல் செத்துப்போன அம்மாவின் முகம் மாறியிருக்கும். பார்த்தவர்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மத்தியானத்துக்கு முன்பே கிளம்பிவிட்டாள். என் படத்தைத் துண்டில் சுற்றிக் காரின் முன்சீட்டில் வைத்தாள், குழந்தைக்குப் போடுகிற மாதிரி பெல்ட்டையும் இழுத்து மாட்டினாள். இரு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, இருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கும் வரவில்லை. வண்டியை எடுத்தவள், கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்துச் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம இவங்கெல்லாம் வரமாட்டாங்கதான? அப்ப வரேன். எனக்கு நடிக்க வராதுக்கா."

இத்தனை நாடகங்களுக்கு வீட்டைக் கொடுத்து நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்: வீடு நிறைய ஆள் வேண்டுமென்றால் வாடகைக்கு விட்டால் போதும், வீட்டு ஆள் வேண்டுமென்றால் ஒரு தடவை செத்துப் பார்க்க வேண்டும்.